யாகப்பர் சிப்பி

சைவ மரபிலே தோன்றிய கல்லூரியொன்றின் விழா மலரிற் பிரெஞ்சு நாட்டார் உண்ணும் சிப்பியூண் ஒன்றைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என அன்பர் சிலர் ஐயுறக்கூடும். மலர்க்குழுவினர் எம்மிடம் வேண்டியது சங்க இலக்கியம் பற்றிய கட்டுரையையே. சங்கப் புலவர் ஊனையும் கள்ளையும் பாடக் கூசினாரல்லர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டி, யாம் விரும்பிய பொருளை எழுத இசைவு பெற்றோம். யாமோ பிறப்பாலும் பழக்கத்தாலும் மரக்கறி உணவினேம். ஆண்டுதோறும் மாணவர்க்குப் புலான்மறுத்தல் அதிகாரத்தைக் கற்பித்து வருபவரும் ஆவேம். இவ்வூணை உண்டதில்லை, உண்ணப் போவதுமில்லை. ஆயினும் அது ஆக்கப்படும் வகையைத் தொடக்கமுதல் முடிவுவரை அருகே நின்று கண்டோம். ஆக்கியவர் இக்கல்லூரியின் பழைய மாணவர். எம்மோடு ஒரே வாங்கில் இருந்து பயின்றவர்.

ஊணின் பெயர் ‘கொக்கீய் சேன் ஜாக்’ என்பது. கொக்கீய் என்பது சிப்பி ஓடு. சேன் ஜாக் என்பார் இயேசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவர். நம் நாட்டுக் கத்தோலிக்கர் அவரை யாகப்பர் என வழங்குவர். குருநகரிலும் கிளாலியிலும் கோயில் கொண்டிருக்கும் அதே யாகப்பர்தாம். ஆகவே தமிழிலே யாகப்பர் சிப்பி என்று சொல்லிவிடலாம். வேறு பெயர் தேடியலைய வேண்டுவதில்லை. ஸ்பானிய நாட்டின் வடமேற்கிலே சந்தியாகோ தெ கொம்பொஸ்தேலா என்னும் நகரில் அவருடைய உடல் அடக்கம் பெற்றிருப்பதாகக் கிறித்தவர் நம்புவர். ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் நெடுவழி நடந்து அங்கே சென்றோர், மீளும்போது இச்சிப்பி ஓட்டைத் தொப்பியிலும் மேலாடையிலும் தைத்துக்கொண்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே இவ்வழக்கம் நிலைபெற்றுவிட்டது. கதிர்காமத்துக்கு நடந்து செல்வாரை நம்மூரார் காவியாலும் வேலாலும் அறிந்து அன்னமிடுதல்போல, அவ்வோட்டைக் கண்டவர் யாத்திரிகருக்கு உணவும் கிடக்கையும் உதவினர். அவ்வோடே வழியில் நீர் மொண்டு குடிக்கும் கலமுமாயிற்று.

நிற்க. இச்சிப்பியின் இயல்பை அறியாதார்க்குச் சிறிது கூறுவோம். விலங்கியலார் இதனைப் பெக்தென் மாக்சிமஸ் என்பர். பெக்தென் என்பது இலத்தீன் மொழியிலே சீப்பைக் குறிக்கும் சொல். விரித்த விசிறிபோல் வரிவரியாக அமைந்த ஓடுகள் இரண்டு. ஒன்று குழிந்தது, மற்றது தட்டையானது. குழிந்த ஓடு கீழாகக் கடலடி மணலிற் சிறிது புதைந்து கிடக்கும். நட்சத்திரமீன் முதலிய பகை நெருங்கினால் ஓடுகளைப் படபடவென அடித்து, உள்ளிருந்த நீரைப் பீச்சி எழுந்து நீந்தும். மட்டிகளுள் நீந்த வல்லவை மிகச் சிலவே. அவ்வாறு ஓடுகளை இழுத்து மூடுதற்கு வேண்டிய திரண்ட வெள்ளைத் தசையே மாந்தர் உண்ணும் பாகம். தப்பியோடத் தந்த வலிமையே அதற்குப் பகையாய் முடிந்தது. அத்தசையைத் தழுவி நாக்குப்போல் வளைந்து கிடப்பது அதன் இனப்பெருக்க உறுப்பு. அதன் ஒரு பாதி வெண்ணிறம், அது ஆண்கூறு. மறுபாதி செம்மஞ்சள், அது பெண்கூறு. இரண்டும் ஓருடலில். எமக்கு அர்த்தநாரீசுவர வடிவம் நினைவு வந்தது. நண்பரிடம் சொன்னோம், அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

கண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓட்டின் விளிம்பை ஒட்டிய சதைமடிப்பிலே கடுகளவான கண்கள் இருநூறு வரை வரிசையாகப் பதிந்திருக்கின்றன. நம் கண்கள் வில்லையினால் ஒளியைக் குவிக்கின்றன. இதன் கண்களோ கண்ணாடியினால் குவிக்கின்றன. ஒவ்வொரு கண்ணின் பின்சுவரிலும் நுண்ணிய சதுரப் பளிங்குகள் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கப்பட்டு ஒளியைத் திருப்பி வீசுகின்றன என்பதை 2017இல் ஆராய்ச்சியாளர் விளக்கமாகக் கண்டறிந்தனர். உயிரோடு திறந்த சிப்பியிலே அக்கண்கள் எம்மை நோக்கியிருந்தமையை யாம் எளிதில் மறப்பதற்கில்லை.

நண்பரின் பெயரை இங்கே எழுதோம். எழுதலாகாது என்பது அவர் இட்ட நிபந்தனை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் வீடுவாசல் விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த எம் வகுப்புச் சிதறியது. கணிதத்தில் எம் அனைவரினும் வல்லவராயிருந்த அவர் மீள வகுப்பறைக்கு வந்தாரில்லை. 1998இல் நாடு நீங்கிப் பல எல்லைகளை இரவிற் கடந்து, அடுத்த ஆண்டு பாரிஸ் அடைந்தார். அங்கே நம்மவர் பலர் முதன்முதற் கால்வைக்கும் இடம் உணவுச்சாலையின் பின்கட்டு. பாத்திரங் கழுவுதலைப் பிரெஞ்சு மொழியிற் பிளோஞ் என்பர். லா சப்பல் கடைத்தெருவிலே நம்மவர் வாயில் அது தமிழ்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. நான்கு ஆண்டு பிளோஞ். பின்னர் மரக்கறி வெட்டுதல். பின்னர் மீன் துப்புரவு செய்தல். 2008 முதல் வடகரையிலுள்ள தியெப் என்னும் துறைமுக நகரிலே சமையற்காரர். இன்று அவ்வுணவுச்சாலையின் குசினிக்கு அவரே தலைவர்.

குசினி என்னுஞ் சொல்லை வேண்டுமென்றே எழுதினோம். அடுக்களை என்று எழுதினாற்றான் தமிழ் என்பார் உளர். யாழ்ப்பாணத்தார் நாவில் நானூறு ஆண்டாக வழங்கும் குசினி போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற கொசிஞ்ஞா. பிரெஞ்சு மொழியில் அதே இடத்தின் பெயர் குய்சீன். இரண்டும் இலத்தீன் தாயின் இரு மக்கள். நாம் பாண் என்பதும் பிரெஞ்சுக்காரர் பேன் என்பதும் அத்தகையனவே. மொழியறியாது அக்குசினியுட் புகுந்த முதல்நாள், தமக்கு விளங்கிய சொல் அது ஒன்றே என்றும், அதைப் பற்றிக்கொண்டே உள்ளே சென்றதாகவும் நண்பர் கூறினார். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயின்ற காலத்துத் திசைச்சொற்கள் பற்றி யாம் எழுதிய குறிப்புக்கள் ஒருவருக்கும் இத்துணை உதவியதில்லை.

2018ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில், பாரிஸ் நகர்ப்புறத்தில் வாழும் தமக்கையார் மகளின் சடங்கிற்காகச் சென்றிருந்தோம். சேன் லசார் நிலையத்திற் புகையிரதம் ஏறி, ரூவான் நகர் வழியாகத் தியெப் சேர்ந்தோம். வெண்சுண்ணப் பாறைகள் இருபுறமும் மதில்போல் நிற்க, இடையே கூழாங்கற் கடற்கரை. மணல் இல்லை. குளிரைப் பற்றி எழுதினால் வெளிநாட்டன்பர் நகைப்பர், விட்டுவிடுவோம். அந்நகரின் பெரிய ஆலயமும் சேன் ஜாக் ஆலயமே. அதன் உட்சுவரொன்றிலே 16ஆம் நூற்றாண்டுச் சிற்ப வரிசையொன்று உண்டு. அந்நகர் மாலுமிகள் தொலைநாடுகளிற் கண்ட மாந்தரை அதிலே செதுக்கியிருக்கின்றனர். 1529இல் அத்துறையிலிருந்து புறப்பட்ட பர்மாந்தியே சகோதரர் இருவரின் கப்பல்கள் சுமாத்திரா வரை சென்றன. சகோதரர் இருவரும் அங்கேயே மாண்டனர். அன்று அவர்கள் கிழக்கே வந்தார்கள். இன்று எம் வகுப்புத் தோழன் அவர்கள் துறையிலே சிப்பி உடைக்கிறான் என்று எண்ணிக்கொண்டு வெளியே வந்தோம்.

சிப்பி பிடிக்கும் பருவம் ஒக்டோபர் முதலாந் திகதி தொடங்கி மே 15உடன் முடிகிறது. அக்கரையிலே 11 சதமமீற்றரிற் குறைந்த சிப்பியைக் கரைசேர்த்தலாகாது. இரும்புப் பற்களும் இரும்பு வளையங்களாற் பின்னிய பையும் கொண்ட வாரியொன்றைப் படகின் பின்னே கட்டிக் கடலடியை வாரியெடுப்பர். மேற்கே பிறிற்றனியின் சேன் பிரியூ குடாவிலே, ஒருமுறை சென்றால் 45 நிமிடமே வாரலாம் என விதித்து, ஆகாய விமானத்தாற் காவலும் செய்கின்றனர். மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடிக்கும் எம் பாடவேளை ஒன்றின் அளவு அது! எனினும் கடலுக்கு வேலியில்லை. பிரெஞ்சுப் படகுகள் பருவம் வரும்வரை காத்திருக்க, பிரித்தானியப் படகுகளுக்கு அத்தடை இல்லாமையால், 2018 ஓகத்து 28இல் நோர்மண்டிக்கு அப்பால் இரு நாட்டுப் படகுகளும் முட்டிக் கல்லெறிந்து பொருதன. யாம் சென்றபோது அப்பேச்சு ஓயவில்லை. மீனவர் ஒருவர் கையை ஆட்டி ஆட்டி விளக்கியதை நண்பர் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பாக்குநீரிணையிலே இழுவைப்படகுகள் நம்மவர் வலையை அறுத்துச் செல்வதைக் கேட்டு வளர்ந்த எவர்க்கும் அக்கையசைவு விளங்கும்.

இனிச் சமையலுக்கு வருவோம். யாம் வெறும் விருந்தினராக அங்கே நிற்கவில்லை. நண்பரின் கீழ் புதிதாய் வந்த இளைஞர் இருவர் வேலை செய்தனர். ஒருவர் பருத்தித்துறை, மற்றவர் முல்லைத்தீவு. இருவரும் பிரெஞ்சு அறியார். நத்தார் நெருங்க நெருங்க இவ்வூணைக் கேட்போர் பெருகுவர். ஒவ்வொரு முறையும் கத்திச் சொல்ல இயலாது என்றும், செய்முறையை நல்ல தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டித் தரவேண்டும் என்றும் நண்பர் கேட்டார். இருபது ஆண்டளவாகத் தமிழ் கற்பித்த எமக்கு இத்தகைய வினாத்தாள் முன்னர் வாய்த்ததில்லை.

முதலிலே குறுங்கத்தியைத் தட்டையோட்டின் உட்புறமாகச் செலுத்தித் தசையை அறுத்து ஓட்டைத் திறப்பர். ஓரத்துச் சதைமடிப்பையும் கரிய குடற்பையையும் களைவர். மடிப்பை எறிவதில்லை, கழுவி அவித்துச் சாறெடுக்க உதவும். வெள்ளைத் தசையும் செம்மஞ்சட் பாகமும் மாத்திரம் தனியே வைக்கப்படும். குழிந்த ஓடுகளைத் தேய்த்துக் கழுவி அவித்து உலர்த்துவர். பரிமாறும் கலம் அவையே. அடுத்து வெள்ளைத் திராட்சை மதுவிலே சிறுவெங்காயமும் வாசனையிலைகளும் உப்பும் மிளகும் இட்டுக் கொதிக்க வைத்து, அனலைத் தணித்து, சிப்பித் தசையையும் காளானையும் அதில் நான்கைந்து நிமிடம் வைத்தெடுப்பர். அதற்குமேல் வைத்தால் தசை இறப்பர்போல் ஆகிவிடும். (மதுவைப் பற்றி ஒழுக்கக் குழுவினர் வருந்த வேண்டா; கொதியிலே வெறியிற் பெரும்பகுதி ஆவியாய்ப் போய்விடும்.) எஞ்சிய சாற்றை அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சுவர். இவ்விடத்திற் பிரெஞ்சு நூல்கள் ‘குறைத்தல்’ என்று பொருள்படும் சொல்லை எழுதுகின்றன. சுண்டக் காய்ச்சல் என்னும் நம் சொல் அதைவிடச் செறிந்தது. நீர் குறைவதும் சுவை திரள்வதும் அச்சொல் ஒன்றினுள் அடங்கும்.

அதன்பின் நாற்பது கிராம் வெண்ணெயை உருக்கி, நாற்பது கிராம் கோதுமை மாவைத் தூவி, நிறம் மாறுமுன் கிண்டுவர். இதனை அவர்கள் ரூ என்பர். ஓரெழுத்தொரு மொழி, அதற்கு நிகரான சொல் எம்மிடம் இல்லை. ‘வெண்ணெயில் வறுத்த மா, சிவக்க விடாதே’ என எழுதினோம். சுண்டிய சாற்றையும் பாலையும் அதனுட் சிறிது சிறிதாக வார்த்துக் கட்டிபடாமற் கடைந்தால், அரை லீற்றரளவிலே கூழ் ஒன்று திரளும். ஒடியற்கூழ் காய்ச்சிய கை இதனைப் பழுதாக்காது என்று நண்பர் கூறுவது வழக்கமாம். இக்கூழின் பெயர் வெலுத்தே; வெல்வெற்றுப் போன்றது என்பது பொருள். கரேம் என்னும் பேர்பெற்ற சமையலாளர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பிரெஞ்சுக் குழம்புகளைத் தாய்க்குழம்பு, சேய்க்குழம்பு என வகுத்தபோது வெலுத்தேயைத் தாய்க்குழம்புகளுள் ஒன்றாக வைத்தார். எழுத்தை முதல், சார்பு என வகுத்த இலக்கணம் படித்தவர்க்கு இதில் வியப்பொன்றுமில்லை.

கடினமானது அடுத்த படியே. இரண்டு முட்டை மஞ்சட்கருவையும் பாலாடையையும் வேறொரு கிண்ணத்தில் அடித்து வைத்து, சூடான கூழை அதனுள் அகப்பை அகப்பையாக விடவேண்டும். மஞ்சட்கருவைக் கூழினுட் கொட்டினாற் கருத்திரண்டு கெட்டுவிடும். கூழே கருவிடம் செல்லவேண்டும். அதுவும் மெல்ல மெல்ல. சூடேறிய பின்னரே இரண்டும் ஒன்றாய் அடுப்பிலேறும். பருத்தித்துறைப் பிள்ளை இதனைப் படித்துவிட்டு, “சேர், புதுப் பெடியனைப் பள்ளிக்கூடத்திலை சேக்கிற மாதிரி எண்டு எழுதுங்கோ, விளங்கும்” என்றது. அவ்வாறே எழுதினோம். எலுமிச்சஞ் சாறு சில துளி சேர்த்து, தசையைத் துண்டமாக்கிக் காளானோடு கூழிற் கலந்து, ஓடுகளில் நிரப்பி, துருவிய குரூயேர் பாற்கட்டியும் வெண்ணெய்த் துணுக்குகளும் மேலே தூவி, மேலனலிற் பொன்னிறமாக முறுகவிட்டால் ஊண் முற்றுப்பெறும். காளானுக்குக் காளான் என்றே எழுதியிருந்தோம். இளைஞர் இருவரும் அதனருகே பென்சிலாற் சம்பினியோன் என்று எழுதிக்கொண்டனர். களஞ்சியத்துப் பெட்டியின்மேல் அச்சொல்லே இருக்கிறதாம். நியாயந்தான்.

ஒரு பெயருக்காக நாடுகள் வழக்காடியமையும் உண்டு. எவ்வகைச் சிப்பியை இப்பெயராற் பிரான்சில் விற்கலாம் என அந்நாட்டரசு விதி செய்தபோது, தங்கள் சிப்பிகள் அப்பெயரை இழந்து விலையும் இழக்கின்றன எனக் கனடாவும் பேரு, சில்லி நாடுகளும் 1995இல் உலக வர்த்தக நிறுவனத்தின்முன் முறையிட்டன. 1996இல் அது இணக்கமாய் முடிந்தது. பெயர் வெறும் ஒலியன்று என்பதைத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தாற் காட்டுவதினும் இவ்வழக்காற் காட்டுவது மாணவர்க்கு எளிதென யாம் கண்டிருக்கிறோம்.

பிரெஞ்சுக்காரருள் நாகரிகர் சிலர் மாவிட்ட குழம்புகளை 1970களிலேயே ஒதுக்கினர். இன்று உயர்ந்த உணவுச்சாலைகள் சிப்பித் தசையை வெண்ணெயில் இருபுறமும் வாட்டித் தட்டின் நடுவே மூன்றாய் வைத்து அனுப்புகின்றன. கூழோடு கூடிய பழைய முறை பாட்டிமார் சமையல் எனப்படுகிறது. அதனை இகழ்ச்சியாகச் சொல்வார் சொல்லட்டும். கடற்காற்றில் நடந்து வந்து அமர்ந்த முதியவரொருவர் சூடான ஓட்டை இரு கையாலும் அணைத்துக்கொண்டதை யாம் வாயிலிடுக்கால் நோக்கினோம். அவருக்கு மூன்று துண்டம் போதாது.

நண்பரின் மகள் ரூவான் பல்கலைக்கழகத்திற் சமூகவியல் பயின்று வந்தார். மிசேல் கலோன் என்னும் அறிஞர் 1986இல் வெளியிட்ட ஆய்வுரையொன்றைப் பற்றி எமக்குச் சொன்னார். சேன் பிரியூ குடாவிலே சிப்பி அருகிவந்தபோது, யப்பானிற் கண்ட முறைப்படி குஞ்சுகளை வலைப்பைகளிற் பற்றவைத்து வளர்க்க ஆராய்ச்சியாளர் மூவர் முயன்ற வரலாறு அது. ஆராய்ச்சியாளர் மீனவருக்காகவும் சிப்பிகளுக்காகவும் தாமே பேசினர். ஆனால் சிப்பிகள் எதிர்பார்த்தவாறு பற்றவில்லை. காத்திருக்க உடன்பட்ட மீனவரோ ஒரு நத்தாருக்கு முதல்நாள் வளர்த்தவற்றையெல்லாம் வாரிச் சென்றனர். ஒருவருக்காக மற்றொருவர் பேசும் அச்செயலுக்குக் கலோன் இட்ட பெயர் மொழிபெயர்ப்பு. தமிழாசிரியரொருவர் தியெப் நகரத்துச் சாப்பாட்டு மேசையில் நிமிர்ந்து உட்காரும்படி செய்தது அச்சொல்.

அந்த மேசையிலேதான் நண்பர் தம் அன்னையாரைப் பற்றியும் சொன்னார். அவர் குடும்பம் எம்மினும் கடுஞ்சைவம். வெள்ளிக்கிழமை தோறும் வீட்டிற் புராண படனம் நிகழும். தொலைபேசியில் அன்னையார் கேட்பாராம், “என்ன தம்பி சமைக்கிறாய்?” என்று. “பால்சொதி மாதிரி ஒண்டு, அம்மா” என்பாராம் இவர். தேங்காய்ப்பாலோ என்பார் அவர். மாட்டுப்பால் என்பார் இவர். புளி விட்டால் திரையாதோ என்பார்; கடைசியில் இறக்கிவைத்துத்தான் விடுவது என்பார். இவ்வாறு இருபது ஆண்டு. சிப்பியைத் தவிர எல்லாவற்றையும் அவர் தாயாருக்குச் சொல்லியிருக்கிறார். அகதிக்குரிய பயணப்பத்திரம் பிறந்த நாட்டிற்குச் செல்ல உதவாது. அன்னையார் 2017இல் காலமானபோது இவர் அவ்வடுப்படியில் நின்றார். அன்று மாலை விருந்தினர் நாற்பது பேர் என்றும், நாற்பது ஓடும் நிரப்பி அனுப்பியதாகவும் சொன்னார். அன்னையாருக்கு உண்மை தெரிந்தேயிருந்தது என்பது எம் கருத்து. எழுபது வயதுவரை சொதி வைத்த கைக்கு மகனின் விடையிலே குறைந்து நிற்பது இன்னதென விளங்காமலா போகும்? நண்பரிடம் அதனைச் சொன்னோம். அவர் மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை. எழுந்து கோப்பைகளை எடுத்துச் சென்று தாமே கழுவினார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வெளிநாட்டுச் சங்கமொன்று பழைய மாணவர் பெயர்ப் பட்டியலொன்றைத் தொகுத்தபோது, தொழில் என்னும் பத்தியில் இவர் ‘சமையல்’ என்றே எழுதி அனுப்பினார். அச்சில் வந்தபோது அவ்விடம் வெறுமையாயிருந்தது. பொறியியலாளர், கணக்காளர், வைத்தியர் வரிசையிலே ஒரு வெற்றிடம். அச்சுப்பிழை என்றனர். யாம் கேட்டுக்கொண்டதன்மேல் இம்மலரின் பட்டியலிலே அப்பத்தியை அவ்வாறு நிரப்பக் குழுவினர் இசைந்துள்ளனர். பலரின் பெயருக்கு நேரே அச்சொல் வருமாதலின் அவர் யாரெனத் தேடுவார் கண்டறியமாட்டார். அவ்வாறு பலர் இருக்கின்றனர் என்பதே பட்டியலைத் திருத்தியபோது வெளிப்பட்டது.

புறப்படும் நாளில் நண்பர் பன்னிரண்டு ஓடுகளைப் பழந்துணியிற் சுற்றித் தந்தார். ஒன்று எம் கல்லூரி விஞ்ஞான கூடத்து அலுமாரியில் இருக்கிறது. சிலவற்றில் எம் இல்லாள் திருநீறும் குங்குமமும் இட்டு வைத்திருக்கிறார். யாகப்பர் குறை கொள்ளார் என நம்புகிறோம். சுவரில் ஒட்டிய கடதாசி நெய் பட்டு மஞ்சளித்துவிட்டதாம். பருத்தித்துறைப் பிள்ளை இப்பொழுது பாரிஸில் வேறோரிடத்திற் சமையற்காரர். அவர் இடத்துக்கு வங்காளத்துப் பிள்ளையொன்று வந்திருக்கிறது; தமிழ் அறியாது. நண்பர் கடதாசியைப் பார்த்துப் பார்த்து அதற்குப் பிரெஞ்சிற் சொல்லிக்கொடுக்கிறார். பள்ளிக்கூடத்திற் சேர்க்கும் அந்த இடம் வரும்போது மாத்திரம், எப்படிச் சொல்வதென்று சிறிது நேரம் யோசிக்க வேண்டியிருக்கிறதாம்.